வடக்குச் சுவருக்கு வியர்க்கிறது

அன்புள்ள மகள் மார்லீனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், பூனை சுகம், பக்கத்து வீட்டு ஒன்னி மாமா முழங்கால் தவிர மற்றபடி சுகம், வடக்குச் சுவர் மட்டும் சுகமில்லை. அங்கே ஹூஸ்டன் வெயிலில் நீயும் மருமகன் கிளின்டும் பேத்தி டெஸ்ஸும் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது நீதான் என்று எனக்குத் தெரியும், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், வருகிற ஞாயிறும் அப்படித்தான் உட்காரப் போகிறேன். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, சின்ன வயதிலேயே பள்ளியை நிறுத்திச் சுரங்கக்காரர்கள் தங்கும் விடுதியில் பாத்திரம் கழுவ என்னை அனுப்பினார்கள், உன் சித்தி ஹில்யாவை மட்டும் மேலே படிக்க வைத்தார்கள், அதை நான் மறக்கவில்லை, ஆனால் இன்றைக்கு அவள் முறை இல்லை, உன் முறை.

போன கோடையில் நீ வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். லாரி நிறையக் குளிர் தடுக்கும் காகிதப் பஞ்சும் அதைச் சுவருக்குள் ஊதித் தள்ளும் யந்திரமும் கொண்டுவந்து, வாசலில் நின்றபடியே, வைத்த காப்பியைக்கூடத் தொடாமல், “அம்மா, இந்தக் குளிர்காலம் நீ கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்க வேண்டாம், வடக்கு ரூம்ல வெறும் கவுனோட படுத்துக்கலாம், நான் கேரண்டி” என்றாய். அந்தச் சுவரைப் பற்றி யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா இந்த வீட்டைக் கட்டும்போது மரம் அறுக்கும் ஆலையிலிருந்து தூளைக் கொண்டுவந்து சுவருக்குள் கொட்டினார், இந்த ஏரிக்கரையில் எல்லா வீட்டிலும் அப்போது அதுதான், வருஷம் போகப்போகத் தூள் இறங்கி அடியில் உட்கார்ந்துகொண்டது, மேல் பாதி வெறும் காற்று. சின்னப் பெண்ணாக நீ அந்த அறையில் படுத்திருந்து ஒரு ஜனவரிக் காலையில் எழுந்திருக்க முடியாமல் கத்தினாயே, ஓடிவந்து பார்த்தால் உன் பின்னல் சுவரோடு சுவராக உறைந்து ஒட்டிக்கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி எடுத்தேன், அப்படியும் ஒரு பிடி முடி சுவரிலேயே நின்றுவிட்டது. நீ அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து, “இரு, நான் பெரியவளாகி உன்னை என்ன பண்றேன் பாரு” என்றாய், உன் அப்பா சிரித்துச் சிரித்து விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வீட்டுச் சுவரை அடைக்கும் இந்தத் தொழிலுக்கு நீ போனதே அந்தப் பின்னலால்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். வீட்டைக் கதகதப்பாக்கக் கற்றுக்கொள்ளப் போனவள், வீட்டைக் குளுகுளு என்று வைக்கும் ஊரில் போய்த் தங்கிவிட்டாய், அங்கேதான் எல்லாம் தலைகீழாயிற்று. சுவரை என்ன செய்வேன் என்று சொன்னாயோ அதைச் செய்துவிட்டாய், இப்போது உனக்குத் திருப்திதானே.

வெளிப்பலகைகளைக் கழற்றினாய், உன் அப்பாவின் மரத்தூளை யந்திரத்தால் உறிஞ்சி எடுத்து என் உருளைக்கிழங்குப் பாத்திமேல் குவித்தாய், அதையும் சொல்லிவைக்கிறேன், அந்தப் பாத்தியில் போன அறுவடைக்குக் கிழங்கு கோலிக்குண்டு அளவுதான். பஞ்சை ஊதினாய். பிறகு வெளிப்பக்கமாக வீட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் பட்டை ஒட்டி, அதன்மேல் பலகையைத் திரும்ப அடித்தாய். நான் கேட்டேன், “உள்பக்கம் ஒண்ணும் போடலையா மார்லீன்” என்று. நீ ஏணியிலிருந்து இறங்காமலே, “அம்மா, ஈரம் வெளியிலேருந்துதான் உள்ள வரும், அதை வெளியிலேயே மறிச்சாச்சு, ஹூஸ்டன்ல நான் தாள் சுத்தாத வீடா?” என்றாய். கிளின்ட் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு ஈ மூச்சு விட்டாகூட வெளிய போகாது” என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரியாகப் போயிற்று.

நவம்பரில் ஏரிக்காற்று ஆரம்பித்தபோது வீடு கதகதவென்று இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் எனக்கு இத்தனை ஆத்திரம். முதல் வாரத்திலேயே விறகு பாதிதான் எரிந்தது, நான் வெறும் கவுனோடு வடக்கு அறையில் படுத்தேன், ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயக் கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும்போது ஒரு மேஜை விடாமல் போய்ச் சொன்னேன். என் மகள் வந்தாள், என் மகள் ஏணியில் ஏறினாள், என் மகள் இருக்கும்போது எனக்கென்ன என்று சொன்னேன். ஹில்யா அடுத்த மேஜையில் இருந்தாள், அவளோடு எனக்குப் பேச்சில்லை என்பதால் ஒன்னியைப் பார்த்து அவள் காதில் விழும்படி சொன்னேன். அவள் ஒன்னியைப் பார்த்து, “சிலருக்கு மகள் சுவர் கட்டித் தர்றா, சிலருக்கு மகள் தினமும் சாப்பாடு கொண்டுவர்றா, அவங்கவங்களுக்கு வாய்ச்சது” என்றாள். அந்தப் பேச்சை நான் அப்படியே வைத்திருக்கிறேன். என்னை இப்படி ஊரெல்லாம் பெருமை பேச வைத்துவிட்டு நீ அங்கே ஏசியில் உட்கார்ந்திருக்கிறாய்.

கிறிஸ்துமஸ் முடிந்தபின் சுவருக்கு வியர்க்க ஆரம்பித்தது. முதலில் ஜன்னலோரப் பலகை கைபட்டால் பிசுபிசுத்தது, பிறகு மூலையில் சாம்பல் நிறத்தில் பூசணம், பிறகு அலமாரிக்குள் உன் அப்பாவின் நல்ல கோட்டில் அதே நாற்றம், நனைந்த நாயை அடுப்பருகே படுக்க வைத்த மாதிரி. உனக்குப் போன் செய்தேன். நீ என்ன கேட்க வேண்டும், அம்மா எங்கே ஈரம், எவ்வளவு ஈரம் என்று கேட்க வேண்டும். நீ கேட்டது, “அம்மா, நீ உள்ள துணி காயப்போடறியா?” என்று. இங்கே பிப்ரவரியில் துணியை வெளியே போட்டால் பலகை மாதிரிதான் எடுத்துவர வேண்டும், அது உனக்கு மறந்துவிட்டதா. அப்புறம் சூப்பை மூடி வைத்துக் கொதிக்கவிடு என்றாய். அப்புறம் சொன்னாய் பார் ஒன்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். “சனிக்கிழமை சனிக்கிழமை அந்த சவுனா எதுக்கும்மா, மாசத்துக்கு ஒரு தடவை வெச்சா போதாதா, அத்தனை நீராவியும் நிலவறையிலேருந்து நேரா வடக்கு ரூமுக்குத்தான் ஏறுது” என்றாய்.

மார்லீன், நீ பிறந்தது எங்கே. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை பனியில் மூடிக்கிடந்தது, மருத்துவச்சி வந்து, சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி நாம் நீராவிக் குளியல் எடுக்கும் அந்தச் சவுனா அறையில்தான் உன்னை எடுத்தாள், அந்தக் கல் அடுப்பின் சூட்டில்தான் நீ முதல் மூச்சு விட்டாய். உன் அப்பா செத்தபோது அவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். சனிக்கிழமை என்றால் சவுனா, பிறகு எல்லோரும் மேலே ஏறி வடக்கு அறையில் முகம் சிவக்க உட்கார்ந்து காப்பியும் ஏலக்காய் ரொட்டியும், இது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நடக்கிறது. சுவரைத் தாளால் சுற்றிக் கட்டினாயே, சனிக்கிழமையை யோசித்தாயா. அந்த நீராவி இத்தனை வருஷமாக எங்கே போயிற்று என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா. அது சுவர் வழியாகத்தான் மெல்ல மெல்ல வெளியே போயிற்று, இப்போது வெளியே நீ கதவைச் சாத்திவிட்டாய். உன் ஊரில் வீட்டுக்கு உள்ளே குளிர், வெளியே வெக்கை, ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும், அதற்குத் தாளை வெளிப்பக்கம் போடுவது சரிதான். எங்கள் ஊரில் குளிர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்தச் சுவரில் பின்னல் ஒட்டிக் கிடந்தவள் மறந்துவிட்டாள், வேறு யாராவது மறந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன்.

இதில் இன்னொன்று. உன்னிடம் பேசிய மறுநாள் டெஸ் போன் செய்தாள். குழந்தை கள்ளமில்லாமல், “பாட்டி, உங்க ரூமுக்கு நீலப் பெயின்ட் அடிச்சாச்சு, ஜன்னலைத் திறந்தா நீச்சல் குளம், அம்மா ஏப்ரல்ல லாரியோட வந்து உங்களைக் கூட்டிட்டு வருவா, வீடு இனிமே இருக்க லாயக்கில்லைன்னு அம்மா சொல்றா” என்றாள். நான் அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, என்ன நீலம் என்று கேட்டேன், வான நீலம் என்றாள், நல்லதும்மா என்று வைத்துவிட்டேன். வைத்தபிறகு கையில் இருந்த துணியை அடுப்பில் போட்டுவிட்டேன், எந்தத் துணி என்றுகூடப் பார்க்கவில்லை, பிறகு பார்த்தால் நல்ல தலையணை உறை, அதுவும் உன் கணக்கில்தான். உன் அப்பா போனபோதே என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாய், நான் வரவில்லை, கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது பார்த்தாய், வரவில்லை. மூன்றாவது தடவை வீட்டையே நோயாளியாக்கிவிட்டு வந்து நிற்கிறாய். வேண்டுமென்று செய்தாய் என்று நான் சொல்ல மாட்டேன். வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

போன சனிக்கிழமை நடந்ததைக் கேள். இரண்டு நாளாகத் திடீரென்று தெற்குக் காற்று, கூரையிலிருந்து பனி சொட்டியது. சவுனா முடிந்து வடக்கு அறையில் நாங்கள் மூவர், நான், ஒன்னி, ஹில்யா. ஹில்யா என்னோடு பேசுவதில்லையே தவிர சனிக்கிழமை தவறுவதில்லை, எங்கள் அம்மாவின் செப்பு அகப்பையை, அது மூத்தவளான எனக்கு வர வேண்டியது, துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அதில் மொண்டுதான் கல்லில் தண்ணீர் ஊற்றுவாள், முடிந்ததும் துடைத்துத் திரும்பக் கொண்டுபோவாள், என் வீட்டுச் சவுனாவில் என் கண் எதிரே. ஒன்னி காப்பியில் ரொட்டியை முக்கும்போது அவர் காலுறை நனைந்தது. “சென்யா, பூனை ஏதோ பண்ணிடுச்சு” என்றார். பூனை என் மடியில் இருந்தது. பார்த்தால் சுவரின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர், கொட்டிய காப்பி மாதிரி, பலகை இடுக்கு முழுக்க வழிந்து வந்துகொண்டிருக்கிறது. நான் எழுந்து ஆணி பிடுங்கும் இரும்பை எடுத்துவந்தேன். ஒன்னி, “பொறு, மார்லீனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு” என்றார், “கேட்டதெல்லாம் போதும்” என்று உள்பலகையை நெம்பினேன், இரண்டாவது பலகையும் வந்தது. உள்ளே உன் பஞ்சு ஆறிய கஞ்சி மாதிரி இறுகி அடியில் உட்கார்ந்திருந்தது, மேல் பாதி வெறும் காற்று, உன் அப்பாவின் மரத்தூள் நாற்பது வருஷத்தில் செய்ததை உன் பஞ்சு ஒரே குளிர்காலத்தில் செய்துவிட்டது. அதற்குப் பின்னால் உன் பிளாஸ்டிக். அதன் உள்பக்கம் முழுக்க என் கட்டைவிரல் கனத்துக்குப் பனிக்கட்டி, விளக்கைக் காட்டினால் கண்ணாடி மாதிரி மின்னியது, உருகி உருகி வழிந்துகொண்டிருந்தது. உன் அப்பா வைத்த அடிக்கட்டையில் நகத்தை வைத்தேன், மேலே ஒரு தோல் அளவுக்குத்தான் உள்ளே போயிற்று, இன்னும் அழுகவில்லை, இன்னொரு குளிர்காலம் தாங்காது.

அப்போது ஹில்யா என்னைப் பார்த்து, ஒன்னியைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து, அம்மாவை அடக்கம் செய்த நாளுக்கு அப்புறம் முதல் முறையாக வாயைத் திறந்தாள். “ஏன்க்கா, சுடச்சுட ரொட்டியைப் பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டினா என்ன ஆகும்னு உன் மகளுக்கு நீ சொல்லித் தரவே இல்லையா?” என்றாள். இத்தனை வருஷம் காத்திருந்து எடுத்த பேச்சு அது. ஒன்னி சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து இருமிக்கொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா. “என் மகளைப் பத்திப் பேச உனக்கு வாயில்லை ஹில்யா, உன் பொண்ணு வீட்டுச் சூடெல்லாம் ஒழுகிக் கூரையில பனிக்கட்டி யானைத் தந்தம் மாதிரி தொங்குதே, அதைப் போய்ப் பாரு, என் பொண்ணு ஆயிரம் வீட்டுக்குத் தாள் சுத்தினவ, ஆயிரத்துல ஒண்ணு தப்பாத்தான் போகும்” என்றேன். அவள், “அந்த ஒண்ணு பெத்தவ வீடா இருக்கணுமா?” என்றாள். நான் கதவைக் காட்டினேன். அவள் ஈரத்தலையோடு கோட்டை மாட்டிக்கொண்டு போனாள், போன வேகத்தில் செப்பு அகப்பையை மறந்துவிட்டாள். அது இப்போது என் மாவு டப்பாவுக்குள் இருக்கிறது, நீ இதை யாரிடமும் சொல்லக் கூடாது. உனக்காகப் பேசினேன் என்று உருகிவிடாதே, அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாமல் பேசினேன். அவள் கேட்ட கடைசிக் கேள்வியை நான் இப்போது உன்னைக் கேட்கிறேன்.

மறுநாளே ஒன்னி வந்து, “வசந்தத்துல நானே வெளிப்பலகையைக் கழட்டித் தாளைக் கிழிச்சுடறேன், புதுத் தாளை உள்பக்கம், பலகைக்குப் பின்னால, சூடு இருக்கிற பக்கமாப் போட்டுடலாம், இந்தக் கரையில எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்கோம்” என்றார். ஹில்யாவின் மருமகன்கூட ஆள் அனுப்பிக் கேட்டான், அவள் சொல்லித்தான் கேட்டிருப்பான், என் வாசலில் அவன் லாரி நிற்பதை ஊர் பார்க்க வேண்டும் அவளுக்கு. இருவரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அடைத்தவள் வந்துதான் திறக்க வேண்டும். ஏப்ரலில் லாரி கொண்டுவருகிறாயாம், ஏப்ரலில் இங்கே சகதி, நிலம் காய்ந்ததும் ஜூனில் கொண்டு வா, தாராளமாகப் பெரிய லாரியாகவே கொண்டு வா. அதில் போகப்போவது நான் இல்லை, உன்னுடைய ஈரப்பஞ்சு. வெளியே உன் கையால் ஒட்டிய ஒவ்வொரு பட்டையையும் உன் கையால் பிய்க்க வேண்டும், சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும், அவசரம் என்று காலண்டரைக் காட்டக் கூடாது, பிறகு உள்பலகை எல்லாவற்றையும் கழற்றி, தாளைச் சூட்டுப் பக்கம் போட்டு, பலகையை அதே வரிசையில் திரும்ப அடிக்க வேண்டும். அதுவரை நீ வடக்கு அறையில் அந்தக் கட்டிலில்தான் படுப்பாய், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்த மாட்டேன். சனிக்கிழமை சவுனா உண்டு, நீயும் வந்து உட்கார வேண்டும், ஹில்யா எதிரே உட்கார்ந்திருப்பாள், அவள் வராமல் இருக்க மாட்டாள், அவள் ரொட்டியைப் பற்றி என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்ள வேண்டும், நான் ஒரு வார்த்தை குறுக்கே பேச மாட்டேன். பேசினாலும் பேசுவேன், அதை நம்பி வராதே.

கிளின்டை ஏணிக்குக் கீழே மட்டும் நிற்கச் சொல், வாயைத் திறக்க வேண்டாம். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் கொடு, போன தடவை பையில் மறந்து வைத்துவிட்டுத் தேடினார். டெஸ்ஸை நீச்சல் குளத்திலிருந்து வந்ததும் தலையைத் துவட்டச் சொல். நீலம் அடித்த அறையை வீணாக்க வேண்டாம், உன் தையல் யந்திரத்தைப் போட்டுக்கொள், அந்த அறைக்கு நான் ஒரு நாளும் வரப்போவதில்லை, எனக்கு வேண்டிய அறை இங்கே இருக்கிறது, வெறும் கவுனோடு படுக்கலாம் என்று நீ வாக்குக் கொடுத்த அறை, அந்த வாக்கை நான் திருப்பித் தரவில்லை. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், உங்களுக்குக் கெடுதல் ஒன்றும் நான் வேண்டிக்கொள்ளவில்லை, தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. மறக்காமல் தடித்த கையுறையும் கம்பளிக் காலுறையும் எடுத்து வா, உன் ஊரில் அவை கிடைக்காவிட்டால் என்னுடையது இருக்கிறது. சாமான் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், ஆணி பிடுங்கும் இரும்பு இங்கேயே இருக்கிறது, நான் நிறுத்திய இடத்தில், மூன்றாவது பலகைக்கு அடியில், சுவரிலேயே செருகி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் தன் வீட்டிலேயே இருக்கும் உன் அம்மா,
சென்யா ஹவுத்தலா